பதினோராம் கோபுரமும் ஃபித்தாவின் தொட்டியும்

தஃபீலா மலையில் காற்றுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். அதனால் கம்பெனிக்காரர்கள் வந்து காற்றை அளக்கக் கம்பம் நட்டபோது ஊரே சிரித்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் வீசிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தேடி இத்தனை தூரம் வந்திருக்கிறார்களே என்று. சிரித்தவர்களில் ஃபித்தாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, இப்போது ஐம்பத்து நாலு. அவள் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

ஃபித்தாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய தொட்டியில்தான் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பா செத்தால் பெண்பிள்ளைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சட்டத்தில் பங்கு உண்டு, மார்க்கத்திலும் உண்டு, கேட்கத்தான் வாய் இருக்கக் கூடாது. ஃபித்தாவும் கைநாட்டு வைத்தாள். நாலு அண்ணன்மாருக்கும் மனசு கொஞ்சம் உறுத்தியிருக்கும் போல, கிழக்கு மேட்டுச் சரிவில் பாறையைக் குடைந்து யாரோ எந்தக் காலத்திலோ செய்த மழைத் தொட்டி ஒன்றை, "இது உனக்கு" என்று தூக்கிக் கொடுத்தார்கள். ரொம்பத் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒழுகுகிற தொட்டி.

வாய் ஒரு ஆள் இறங்குகிற அளவுதான். உள்ளே போனால் ஒரு அறை அகலம். மூன்று கோடை, ஃபித்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதற்குள் இறங்கினாள். சுண்ணாம்பு, சலித்த சாம்பல், பொடியாக வெட்டிய வைக்கோல் எல்லாம் குழைத்து வெடிப்பு வெடிப்பாக அடைத்தாள். மூன்றாம் கோடையில் அவள் ஏழு மாத கர்ப்பிணி. புருஷன் முத்லக் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்தபடி திட்டினான். "பிள்ளையை உள்ளேயே பெத்துட்டு வரப் போறியா?" என்று கத்தினான். "வெளியே பெத்தா மட்டும் நீங்க என்ன குளிப்பாட்டவா போறீங்க, சாந்தை இறக்குங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அந்தக் குளிர்காலத்து மழை, அடுத்த கார்த்திகை வரை தொட்டியில் அப்படியே நின்றது. அன்றைக்கு வயிற்றில் இருந்த ஜவாஹிருக்கு இப்போது இருபத்து மூன்று வயது, கல்லூரி முடித்துவிட்டாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டின் அறுபது ஆடுகளும் கோடையில் அதில்தான் குடித்தன. லாரித் தண்ணீருக்குக் கையேந்தாத வீடு எங்கள் மேட்டில் அது ஒன்றுதான். பக்கத்து வீடுகளெல்லாம் லாரிக்குக் கொடுத்துக் கொடுத்தே மந்தையை விற்றுவிட்டன. தொட்டி போனால் மந்தை போகும், மந்தை போனால் வீடு நகரத்துக்குப் போகும். இது ஃபித்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

காற்றாலைகள் மேல் அவளுக்கு ஆரம்பத்தில் பகை ஒன்றும் இல்லை. பத்துக் கோபுரங்கள் வரிசையாக எழும்பின. மூத்தவன் நாயிஃபுக்குக் காவலாள் வேலை கிடைத்தது. மஞ்சள் சட்டை, கையில் வயர்லெஸ், மாசம் பிறந்தால் சம்பளம். முதல் வருஷம் அந்த 'ஹூம் ஹூம்' சத்தத்துக்குச் சினை ஆடுகள் மிரண்டு ஓடின, பிறகு பழகிக்கொண்டன. ஃபித்தாவுக்குத்தான் ஒன்று பழகவில்லை. காலையில் வெயில் ஏறும்போது இறக்கைகளின் நிழல் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, அவள் பிசைகிற மாவின் மேல் விழுந்து போகும், விழுந்து போகும், விழுந்து போகும். ஜன்னலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டாள். அதோடு அந்த அறைக்குப் பகல் போயிற்று.

வசந்தகாலத்தில் கழுகுகள் கூட்டமாகக் கடக்கும். அவற்றைப் பார்த்துச் சொல்ல, தூரப்பார்வைக் கண்ணாடியோடு இரண்டு பையன்களைக் கம்பெனி உட்கார்த்தி வைத்திருந்தது. கழுகு பக்கத்தில் வந்தால் காற்றாலையை நிறுத்துவார்கள். ஃபித்தா அதைப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னாள்:

"கழுகுக்கு ஆள் போட்டுப் பாக்குறானுங்க. எனக்கும் ஒரு ஆளைப் போடச் சொல்லுடா. நான் ரொட்டி சுடும்போது நிறுத்தட்டும்."

"நீ பறந்து காட்டும்மா, நிறுத்துறாங்களான்னு பாக்கலாம்" என்றான் நாயிஃப்.

அதுவரை இதெல்லாம் கேலியாகத்தான் இருந்தது. போன வருஷம் தியாப் ஹாஜியின் மேட்டில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டார்கள். தியாப் ஹாஜி முத்லக்குக்குச் சித்தப்பா முறை, குடும்பத்தில் பெரியவர், நிலத்திலும் பெரியவர். பதினோராம் கோபுரம் அவர் நிலத்தில், வாடகையும் அவருக்குத்தான். அங்கேயிருந்து ஃபித்தாவின் தொட்டிக்கு எண்பது காலடி. அவளே நடந்து எண்ணினாள். அஸ்திவாரத்துக்குப் பாறையை வெடி வைத்துப் பிளக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் கிணறோ தொட்டியோ இருந்தால் அந்த வீட்டுக்காரர், மறுப்பு இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முத்லக் கையெழுத்துப் போடவில்லை. மறுப்பு என்றே எழுதிக் கொடுத்தான். "என் வீட்டுக்காரி வேணாம்னா வேணாம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். இரண்டு மாதம் அந்த வார்த்தையிலேயே நின்றான். அந்த இரண்டு மாதமும் கம்பெனி மேஸ்திரி நாயிஃபோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் வேலையா தொட்டியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஃபித்தா பயந்தாள். தினமும் விடிந்ததும் போய்த் தொட்டியின் தகர மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்போதுதான் தியாப் ஹாஜியிடமிருந்து சொல் வந்தது. வியாழக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்பது பெரிய மனிதர்களோடு வருகிறார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பத்துப் பேர் சேர்ந்து வந்தால் ஏதோ கேட்க வருகிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்தார்கள். எங்களில் பங்காளிக்குள்ளேயே பெண் எடுப்பார்கள். தியாப் ஹாஜியின் பேரன் அகபாவில் வேலை பார்க்கிறான். ரமலானுக்கு முந்தைய கல்யாணத்தில் ஜவாஹிரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். வீட்டில் வயசுப் பெண் இருக்கும்போது பெரியவர்கள் பத்துப் பேர் எதற்கு வருவார்கள்? முத்லக் ஒரு கிடாயை ஒதுக்கினான். ஜவாஹிர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புது உடுப்பை இஸ்திரி போட்டாள். ஃபித்தாகூட அந்த நாலு நாளும் தொட்டியை மறந்திருந்தாள். சம்பந்தம் ஆகிவிட்டால் மனுஷன் பேரன் பெண்டாட்டி வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலா வெடி வைப்பார் என்று ஒரு ஆறுதல் வேறு.

வியாழக்கிழமை பத்துப் பேரும் வந்தார்கள். தியாப் ஹாஜி கல்யாண வீட்டுக்குப் போர்த்துகிற தங்கக் கரை போட்ட மேலங்கியைப் போர்த்திக்கொண்டு வந்தார். இதை நான் மறக்கவே மாட்டேன். சுற்றி உட்கார்ந்தார்கள். நாயிஃப் காப்பி ஊற்றினான். தியாப் ஹாஜி கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தார். மற்ற ஒன்பது பேரும் அப்படியே வைத்தார்கள்.

கோப்பை தரையில் இருக்கிற வரை வீட்டுக்காரனுக்குத் தூக்குக் கயிறுதான். கேட்டதைக் கொடுத்தேன் என்று சொன்னால்தான் வந்தவர்கள் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டு வாசலை அப்புறம் யார் மிதிப்பார்கள்? புத்தியுள்ளவன், "விஷயத்தைச் சொல்லுங்கள்" என்பான். மனசு நிறைந்து கிடக்கிறவன் அதைக்கூடக் கேட்க மாட்டான். முத்லக் அன்றைக்கு மனசு நிறைந்து கிடந்தான்.

"குடிங்க சித்தப்பா" என்றான் வாயெல்லாம் பல்லாக. "வந்த காரியம் முடிஞ்சாச்சு. குடுத்தாச்சு."

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கறியாப்பா?"

"உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்? நல்லா இருக்கட்டும், குடிங்க."

தியாப் ஹாஜி நிதானமாகக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அல்லாஹ் உன் முகத்தைப் பிரகாசமா வைக்கட்டும், முத்லக். பதினோராம் கோபுரத்துக்கு மறுப்பு எழுதிக் குடுத்தியே, அதைத் திருப்பி வாங்கிக்க. அதைக் கேக்கத்தான் வந்தோம்."

ஃபித்தா கதவுக்குப் பின்னால் பேரீச்சம்பழத் தட்டோடு நின்றிருந்தாள். காதில் விழுந்தது, மண்டைக்குள் ஏறச் சற்று நேரம் ஆயிற்று. பக்கத்தில் ஜவாஹிர் அவள் கையைப் பிடித்தாள்.

"என்னைக் கேட்டு வரலியாம்மா?"

"உன்னை இல்லடி" என்றாள் ஃபித்தா. "என்னைக் கேட்டு வந்திருக்காங்க."

வந்தவர்கள் போன பிறகு முத்லக் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஃபித்தா உள்ளே வந்து எதிரில் நின்றாள்.

"தொட்டி யாருது?"

"உன்னுது."

"அப்ப நீங்க எப்படிக் குடுத்தீங்க?"

"பொண்ணு கேட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன், ஃபித்தா."

"பொண்ணா இருந்தா மட்டும்? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? எதை வேணும்னாலும் எடுத்துக் குடுத்துடுவீங்களா?"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பது வருஷத்தில் ஃபித்தா அதைப் பார்த்தது மாமியார் செத்த அன்றைக்கு மட்டும்தான். கோபத்தைத் தொடர முடியாமல் அவள் சமையலறைக்குப் போய், அந்த இருட்டில் தனியாக அழுதாள். ஒதுக்கி வைத்த கிடாயை யாரும் அறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்லக் மறுப்பைத் திருப்பி வாங்கினான். அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெடி என்று நாள் குறித்தார்கள். இடையில் ஒரு நாள் ஃபித்தா தானே கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். இஞ்சினியர் விசாம் தலைநகர் அம்மானிலிருந்து வந்த பையன், மரியாதை தெரிந்தவன். நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"வெடி வேணாம் தம்பி. அந்த இடிக்கிற மெஷின் இருக்கே, அதை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உடைங்களேன்."

"மூணு வாரம் ஆகும்மா. கிரேன் தேதி குடுத்தாச்சு. சின்ன வெடிதான் வைக்கிறோம், அளவெல்லாம் கணக்குப் போட்டிருக்கோம். உங்க தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா புதுசா பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைப்போம். ரெண்டு வேணும்னாலும் வைப்போம்."

"அதுல மழையை யாரு தம்பி ஊத்துவா?"

விசாம் பேனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தான். வைகாசி முடிந்துவிட்டது, இனி கார்த்திகை வரை ஒரு சொட்டு விழாது. அது அவனுக்குத் தெரியாதது அல்ல. அவன் கையிலும் ஒன்றும் இல்லை என்று ஃபித்தாவுக்குப் புரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீரை அளந்தாள். முத்லக் தூரத்தில் நின்று பார்ப்பான், பக்கத்தில் வரமாட்டான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஜவாஹிர் ஆடுகளை மேற்குப் பள்ளத்துக்கு ஓட்டிப் போனாள். ஒன்பதரைக்கு முதல் சங்கு ஊதியது. ஊர் ஆண்கள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றார்கள். ஃபித்தா எல்லைக்கு உள்ளே, தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லைக்குள் ஆள் இருந்தால் வெடிக்கக் கூடாது. ஆளை வெளியேற்றுவது காவலாளின் வேலை. மேஸ்திரி வேண்டுமென்றே நாயிஃபைத்தான் அனுப்பினான். மஞ்சள் சட்டை போட்ட மகன் மேடேறி வந்து அம்மாவின் முன் நின்றான்.

"எழுந்திரும்மா."

"நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலடா."

"என்னைத்தாம்மா அனுப்பியிருக்காங்க."

"தெரியுது. நீ போய், எங்கம்மா வரமாட்டேங்கிறான்னு சொல்லு."

"சொன்னா நாளைக்கு இந்தச் சட்டை இருக்காது."

ஃபித்தா அவனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். வயர்லெஸ்ஸில் மேஸ்திரியின் குரல் இரைந்தது. கீழேயிருந்து தியாப் ஹாஜி கத்துவதும் கேட்டது: "முத்லக்! உன் பொண்டாட்டியைக் கூப்பிடு! பத்துப் பேர் முன்னாடி குடுத்த வாக்குடா!"

முத்லக் கயிற்றைத் தாண்டி மேடேறினான். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபித்தாவும் மூடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில், அந்த மூடி மேலேயே உட்கார்ந்தான்.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"வாக்கு?"

"போனா போகட்டும். வாக்கையா ஆடு குடிக்கும்? நீ எழுந்திருக்காதே."

கீழே சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் வாக்குத் தவறியவன் கல்யாணத்துக்குப் போனால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சாவுக்குப் போனால் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். அவன் பிள்ளைகளுக்கும் அதுதான். ஐம்பத்தெட்டு வயதில், எல்லோரும் பார்க்க, முத்லக் அதற்குத் துணிந்து உட்கார்ந்திருந்தான். ஃபித்தா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் என்ன விட்டுக்கொடுக்கிறான் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவன் மேல் அவளுக்கு அத்தனை அன்பு பொங்கியது. அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள்.

"எழுந்திருங்க" என்றாள்.

"மாட்டேன்."

"நான் எழுந்துட்டேன் பாருங்க. அந்தாளு முன்னாடி நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியாது. வாங்க."

மூன்று பேரும் இறங்கினார்கள். மூன்றாவது சங்கு ஊதியது. நிலம் கீழேயிருந்து ஒரு குத்து விட்டது, பிறகுதான் சத்தம் வந்தது. மேடு தூசியில் மறைந்தது. நாய்கள் குரைத்தன.

எல்லை திறந்ததும் முதலில் ஓடியவள் ஃபித்தா. மூடியின் மேல் பொடிக் கல் சிதறிக் கிடந்தது. தள்ளிவிட்டுக் கயிற்றை இறக்கினாள். அவசரத்தில் கல் சுவரில் இடித்து இடித்துப் போனது. தண்ணீரைத் தொட்டது. ஏற்றிப் பார்த்தாள். காலையில் நனைந்த அதே முடிச்சு வரை நனைந்திருந்தது.

"பாத்தீங்களாம்மா!" விசாம் பின்னாலேயே வந்து போனில் படம் எடுத்தான். அந்தப் பையனுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்கும், முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு விரக்கடை குறையல!"

தியாப் ஹாஜியும் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். "இதுக்கா இத்தனை ஆட்டம்?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். முத்லக் தரையில் உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாயிஃப் அம்மாவின் தோளைத் தொட்டான்.

ஃபித்தா குப்புறப் படுத்துத் தலையைத் தொட்டியின் வாய்க்குள் விட்டிருந்தாள்.

"பேசாதீங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"என்னம்மா?"

"எல்லாரும் வாயை மூடுங்க!"

அடங்கினார்கள். அப்போது கேட்டது. அடுத்த அறையில் யாரோ கெண்டியைச் சாய்த்து மெதுவாக ஊற்றிக்கொண்டிருப்பது மாதிரி ஒரு சத்தம். நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. விசாம் போனைக் கீழே இறக்கினான்.

முத்லக் தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் படுத்துக் காதைக் கொடுத்தான். ரொம்ப நேரம் கேட்டான்.

"தண்ணி எது வரைக்கும் நிக்கும்?" என்றான் மெல்ல.

"அடியில வெடிச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் நின்னா பெரிசு."

ஃபித்தா எழுந்து முழங்காலில் உட்கார்ந்தாள். கன்னத்தில் மண்ணும் கண்ணீரும் ஒட்டியிருந்தன. மடியிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"ஜவாஹிர், ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வா. ஆமாண்டி, தண்ணி காட்டற முறை நாளைக்குத்தான், எனக்குத் தெரியும். இன்னிக்கே வரட்டும், வயிறு முட்டக் குடிக்கட்டும். ஓடி வா."

போனை வைத்துவிட்டு வாளியைக் கயிற்றில் கட்டினாள். நாயிஃப் மஞ்சள் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, அம்மா கையிலிருந்து கயிற்றை வாங்கி இறைக்க ஆரம்பித்தான்.